பேரீச்ச மரத்தின்கீழ் அமர்ந்தவள்: ரோம வெற்றி நாணயங்களைப்பற்றி ஒரு திறனாய்வு

திருமறை அகராதிகளிலும் விளக்கவுரைகளிலும் எருசலேமின் வீழ்ச்சியைக் கூறும் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு நாணயத்தின் படம் அச்சிடப்பட்டிருக்கும். நடுவே ஒரு பேரீச்ச மரம். அதன் ஒருபுறம் போர்க்கோலத்தில் நிற்கும் பேரரசன். மறுபுறம் தலையைக் கையில் தாங்கியபடி அமர்ந்திருக்கும் ஒரு பெண். விளிம்பைச் சுற்றி 'யூதேயா காப்டா' என்னும் இலத்தீன் சொற்கள். 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்பது அவற்றின் பொருள். ஏசாயா மூன்றாம் அதிகாரத்தின் இறுதி வசனத்தை வாசித்து, அங்கே தரையில் உட்காரும் சீயோனை இந்நாணயத்தின் பெண்ணோடு பொருத்திக் காட்டி, தீர்க்கதரிசனம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறிற்று என முடிக்கும் பிரசங்கங்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உள்ளதைச் சொல்லின், நாமே அவ்வாறு பிரசங்கித்ததும் உண்டு. சபையார் அதனை விரும்பிக் கேட்டனர். எடுத்துக்காட்டு சிறந்தது என்று நாமும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி சரியானதன்று என்பதை இந்நாணயங்களைச் சற்று நெருங்கிப் பார்த்த பின்னரே உணர்ந்தோம்.

முதலில் பொருளைப்பற்றிச் சில கூறவேண்டும். இவற்றை நாணயவியலார் 'வெண்கல நாணயங்கள்' என்று பொதுப்பெயரால் வழங்குவர். ஆயினும் பெரிய நாணயமாகிய செஸ்டெர்டியஸ் உண்மையில் பித்தளையால் ஆனது. சிறியதாகிய அஸ் செம்பால் ஆனது. நான்கு செஸ்டெர்டியஸ் ஒரு தெனாரியத்திற்குச் சமம். பதினாறு அஸ் ஒரு தெனாரியத்திற்குச் சமம். நம் பழைய மொழிபெயர்ப்பில் திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் நாட்கூலியாக வரும் 'பணம்' அந்தத் தெனாரியமே. இரண்டு அடைக்கலான் குருவிகளின் விலையாக வரும் 'காசு' அந்த அஸ்ஸே. எனவே கூலியாள் ஒருவன் காற்பகல் உழைத்துப் பெறுவது ஒரு செஸ்டெர்டியஸ். யூதேயாவின் வீழ்ச்சியைப் பொன்னிலும் வெள்ளியிலும் கூட வெஸ்பாசியன் பொறித்தான். ஆனால் பொன் நாணயம் எளியவன் கைக்கு எட்டாதது. சந்தையிலும் சத்திரத்திலும் புழங்கியது வெண்கலமே. மேலும், சுமார் 25 கிராம் எடையும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவும் உடைய செஸ்டெர்டியஸில்தான் சிற்பிக்கு வேண்டிய இடம் கிடைத்தது. அரசன் சொல்லவிரும்பியதை முழுமையாகச் சொல்லியிருப்பது இவ்வெண்கல நாணயங்களிலேயே என்க.

கி.பி. 71இல் ரோம அக்கசாலையில் அடிக்கப்பட்ட ஒரு செஸ்டெர்டியஸை எடுத்துக்கொள்வோம். முன்புறத்தில் வெஸ்பாசியனின் தலை. தடித்த கழுத்து, வழுக்கை படர்ந்த நெற்றி, இறுகிய வாய். முகத்தை அழகுபடுத்த யாரும் முயலவில்லை. உழைத்து முன்னேறிய படைவீரன் என்னும் தோற்றமே அவனுக்கு வேண்டியிருந்தது. பின்புறத்தில் பேரீச்ச மரம் காசினை இரண்டாகப் பிளந்து உயர்ந்து நிற்கிறது. இடப்புறத்தில் நிற்கும் பேரரசன் ஒரு கையில் ஈட்டியும் மறுகையில் குறுவாளும் ஏந்தி, ஒரு காலை வீழ்ந்தவனுடைய தலைக்கவசத்தின்மேல் வைத்திருக்கிறான். வலப்புறத்தில் அமர்ந்திருக்கும் பெண், மரத்துக்கும் அவனுக்கும் முதுகைக் காட்டி வெளிநோக்கி இருக்கிறாள். நிற்பவன் தலை மரத்தின் ஓலைகளை எட்டுகிறது; அமர்ந்தவள் அவனுடைய இடுப்பளவுக்குமேல் உயரவில்லை. கீழே எஸ், சி என்னும் இரண்டு எழுத்துகள். 'செனட் அவையின் தீர்மானப்படி' என்பது அவற்றின் விரிவு. வேறு சில அச்சுகளில் பேரரசனுக்குப் பதிலாகக் கைகள் பின்புறம் கட்டப்பட்ட ஓர் ஆண்மகன் நிற்கிறான். இன்னும் சிலவற்றில் சிறகுடைய வெற்றித் தெய்வம் மரத்தில் மாட்டிய கேடயத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. 'யூதேயா தெவிக்டா', அதாவது 'யூதேயா முற்றும் தோற்கடிக்கப்பட்டது' என்னும் வாசகமும் இவ்வரிசையில் உண்டு.

கலைத்திறன் நோக்கிப் பார்ப்பின் இது எளிய வேலை அன்று. கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய வட்டத்திற்குள் ஒரு நாட்டையும் ஒரு போரையும் அதன் முடிவையும் அடக்கியிருக்கிறான் சிற்பி. எழுத்தறியாதவனும் பொருளை உணர்வான். ஒன்றை மட்டும் அரசன் எதிர்பார்த்திருக்கமாட்டான் போலும்: பார்ப்பவரின் கண் நெடுநேரம் நிற்பது அவன்மேல் அன்று, அவள்மேல். வெற்றிபெற்றவனின் நிலை விறைப்பானது. ஆயிரம் சிலைகளிற் காணும் நிலை. அவளுடைய வளைந்த முதுகிலும் முழங்காலில் ஊன்றிய முழங்கையிலுமே உயிர் இருக்கிறது. நல்ல அச்சில் அடித்த காசுகளில் அவளுடைய முக்காட்டின் மடிப்புகள்கூடத் தெரியும்.

ஆனால் இந்நாணயம் நிகழ்ந்ததைச் சொல்லுகிறதா? சொல்லாமல் விட்டவற்றைப் பார்ப்போம். கி.பி. 70ஆம் ஆண்டின் கோடையில் எரிந்த தேவாலயம் இதில் இல்லை. ரோமில் தீத்துவின் வளைவில் இன்றும் நாம் காணும் ஏழுகிளை விளக்கும் சமுகத்தப்ப மேசையும் எக்காளங்களும் இதில் இல்லை. (தீத்து என்று நாம் குறிப்பது வெஸ்பாசியனின் மகனை, பவுலின் உடனூழியரை அன்று.) பட்டினியால் மாண்ட நகர மக்கள் இல்லை. 71இல் நடந்த வெற்றி ஊர்வலத்தின் முடிவில் கொல்லப்பட்ட சீமோன் பார் கியோராவும் இல்லை. கைகட்டப்பட்டு நிற்பவன் பெயரற்றவன். நான்கு ஆண்டுகள் ஒரு பேரரசை எதிர்த்து நின்ற மக்களை, ஆயுதமற்ற ஒரு பெண்ணாக மாற்றிவிட்டது இந்நாணயம். அவள் அமர்ந்திருப்பதோ சில அச்சுகளில் மார்க்கவசத்தின்மேல், சிலவற்றில் ஆயுதக் குவியலின்மேல். அவளுக்கும் அந்த ஆயுதங்களுக்கும் என்ன தொடர்பு என்பதைக் காசு சொல்லவில்லை.

'காப்டா' என்னும் சொல்லே ஆராயத்தக்கது. அகுஸ்து இச்சொல்லை எகிப்துக்குப் பயன்படுத்தினான். அங்கே பொருத்தம் இருந்தது. எகிப்து அதுவரை வேறோர் அரசியின் நாடு. யூதேயா அவ்வாறானதா? பொம்பேயு எருசலேமுக்குள் புகுந்தது கி.மு. 63இல். கி.மு. 37இல் அந்நகரை மீண்டும் பிடித்த சோசியு என்னும் தளபதி, வெற்றிச் சின்னத்தின் அடியில் இரு கைதிகளைக் காட்டும் வெண்கலக் காசு ஒன்றை அப்பொழுதே அடித்துவிட்டான். கி.பி. 6 முதல் யூதேயா ரோம ஆளுநரின் நேராட்சிக்கு உட்பட்டது. நம் விசுவாசப் பிரமாணத்தில் இடம்பெற்ற பொந்தியு பிலாத்து அந்த வரிசையில் வந்தவனே. எனவே 66இல் எழுந்தது உள்நாட்டுக் கலகம். அதனை அடக்கியது புதிய நாட்டை வென்றதாகாது. அப்படியிருக்க ஏன் இந்தப் பெருமுழக்கம்?

விடை ரோம் நகரத்தில் இருக்கிறது. நீரோ 68இல் மாண்டபின் ஈராண்டுக்குள் கல்பா, ஓத்தோ, வித்தேல்லியு, வெஸ்பாசியன் என நால்வர் அரியணை ஏறினர். ரோமர் ரோமரைக் கொன்றனர். 69 டிசம்பரில் கப்பித்தோல் குன்றின்மேலிருந்த யூப்பித்தர் கோயிலே தீக்கிரையாயிற்று. வெஸ்பாசியன் வரி வசூலிப்பவர் ஒருவரின் மகன். அகுஸ்துவின் குருதி அவனிடம் இல்லை. அவனை அரியணையில் ஏற்றிய வெற்றியோ சக ரோமர்மேல் கொண்ட வெற்றி. அதனைக் கொண்டாட மரபு இடந்தராது. அவனுக்கு அயலாரை வென்ற ஒரு வெற்றி வேண்டியிருந்தது. யூதேயா கையருகே இருந்தது. உள்நாட்டுப் போரின் இரத்தக்கறையை மூடுவதற்கு விரித்த துணியே இந்நாணயம் என்று கூறின் மிகையாகாது. அதே ஆண்டின் வேறு காசுகளில் சமாதான தெய்வம் ஒலிவக்கிளையோடு நிற்கிறாள். 75இல் வெஸ்பாசியன் திறந்த சமாதானக் கோயிலில்தான் எருசலேமிலிருந்து கொள்ளையிட்ட பொற்பாத்திரங்கள் வைக்கப்பட்டன. அந்தச் சமாதானத்தின் உட்பொருள் இதுவே.

இனி ஏசாயாவுக்கு வருவோம். அமர்ந்து புலம்பும் பெண்ணின் உருவம் 71இல் புதிதாகப் பிறந்ததன்று. யூலியு சீசர் கி.மு. 46-45 அளவில் வெளியிட்ட வெள்ளித் தெனாரியம் ஒன்றில் வெற்றிச் சின்னத்தின் அடியில் இருவர் இருக்கின்றனர்: தலையைக் கையில் தாங்கி அமர்ந்த பெண், கைகள் பின்புறம் கட்டப்பட்ட ஆண். அவள் பெயர் கல்லியா. வெஸ்பாசியனின் இளைய மகன் தொமித்தியன் 85இல் வெளியிட்ட செஸ்டெர்டியஸில் 'ஜெர்மானியா காப்டா' என்ற சொற்களோடு அதே பெண் அதே நிலையில் அமர்ந்திருக்கிறாள். மரத்திற்குப் பதில் வெற்றிச் சின்னம், அவ்வளவே. அந்த வெற்றி போலியானது என்றும், விலைக்கு வாங்கிய அடிமைகளுக்குக் கைதி வேடமிட்டு ஊர்வலம் நடத்தினான் என்றும் தாசித்து எழுதிவைத்திருக்கிறார். திராயானின் காசுகளில் ஆயுதக் குவியலின்மேல் அமர்ந்திருப்பவள் தாக்கியா. ஆக, இவள் ஒருத்தியே. நாட்டுக்கு நாடு பெயர்ப்பலகை மாறுகிறது. யூதேயா என்னும் பெயரோடு அவள் உட்காருவது ஏசாயாவின் நிறைவேற்றம் என்றால், கல்லியா என்னும் பெயரோடு அவள் உட்கார்ந்தது எந்தத் தீர்க்கனின் நிறைவேற்றம்? ரோமச் சிற்பி தன் பட்டறையில் நூறாண்டுக்குமேல் கைமாறி வந்த ஒரு வடிவத்தை எடுத்தான், பேரீச்ச மரத்தைச் சேர்த்தான், வேலை முடிந்தது.

தரையில் உட்கார்ந்து துக்கங்கொள்ளுதல் எபிரெயரின் வழக்கமும்தான். யோபின் நண்பர்கள் அவ்வாறு உட்கார்ந்தனர். புலம்பல் நூலில் சீயோனின் மூப்பர் அவ்வாறு உட்காருகின்றனர். பொதுவான மனிதத் துயரத்தின் நிலை அது. ஏசாயாவின் அந்த வசனத்தைக் கவர்ந்துகொண்டு வரும் நாம், அதே அதிகாரத்தின் 14, 15 வசனங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அங்கே வழக்காடுகிறவர் ஆண்டவர். குற்றவாளிக்கூண்டில் நிற்போர், ஏழைகளைக் கொள்ளையிட்டுத் தம் வீடுகளை நிரப்பிய மூப்பரும் பிரபுக்களும். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் எருசலேமை நோக்கி அந்நகரத்தானே ஒருவன் உள்ளிருந்து எழுப்பிய குரல் அது. உள்ளிருந்து அழுதுகொண்டு சொல்லும் சொல்லை, வெளியிலிருந்து மிதித்துக்கொண்டு சொல்லும் சொல்லோடு ஒட்டுவது பொருள்கோள் விதிகளுக்கே முரணானது. இதனை இறையியல் மாணவன் முதலாண்டிலேயே கற்கிறான். கற்றதைப் பிரசங்க பீடத்தின் படியில் விட்டுச் செல்கிறான்.

ரோம அக்கசாலையோடு இச்செய்தி நிற்கவில்லை. பவுல் ஈராண்டுகள் காவலில் இருந்த செசரியாவிலும் இதே பொருளுடைய வெண்கலக் காசுகள் அடிக்கப்பட்டன. எழுத்து இலத்தீன் அன்று, கிரேக்கம். வென்றவர் மொழியைத் தோற்றவர் படிக்கமாட்டார் என்று எண்ணினர் போலும். வெற்றித் தெய்வம் கேடயத்தில் எழுதுகிறது. 'யூதேயா பிடிபட்டபோது' என்னும் பொருளில் சொற்கள் ஓடுகின்றன. இதனினும் நம்மை வருத்துவது இரண்டாம் அகிரிப்பாவின் காசுகள். நடபடிகள் 25, 26 அதிகாரங்களில் பெர்னீக்கேயாளோடு வந்து அமர்ந்து பவுலின் வாய்மொழியைக் கேட்டவன் இவனே. போரில் ரோமரோடு நின்ற அவன், தன் காசுகளின் ஒருபுறம் தீத்துவின் தலையையும் மறுபுறம் வெற்றித் தெய்வத்தையும் பொறித்தான். தன் குலத்தாருடைய தோல்வியைத் தன் பெயரிலேயே அவன் கொண்டாடவேண்டியிருந்தது. அடங்கி வாழும் சிற்றரசர்க்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் அந்தக் காசைக் கையில் வாங்கிய கலிலேயாவின் மீனவன் என்ன நினைத்திருப்பான்?

வெற்றி காசில் மட்டும் இருக்கவில்லை, வரியிலும் இருந்தது. மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் பேதுருவிடம் கேட்கப்பட்ட இரு திராக்மா வரி, எருசலேம் தேவாலயத்திற்கு யூதர் மனமுவந்து செலுத்தியது. ஆலயம் எரிந்தபின் வெஸ்பாசியன் அவ்வரியை நீக்கவில்லை. பேரரசெங்கும் உள்ள யூதர் அதே தொகையைக் கப்பித்தோலின் யூப்பித்தருக்குச் செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டான். எரிந்துபோன ரோமக் கோயில், எரிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்தின் பணத்தைப் பெற்றது. தொமித்தியன் காலத்தில் இவ்வரி மிகக் கடுமையாகத் தண்டப்பட்டது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவர் விருத்தசேதனம் பெற்றவரா என்று நெரிசல் மிகுந்த மன்றத்தில் ஆடை களைந்து சோதிக்கப்பட்டதைத் தம் இளமையில் நேரில் கண்டதாகச் சுவெத்தோனியு குறித்திருக்கிறார். 96இல் தொமித்தியன் கொல்லப்பட்டு நெர்வா அரியணை ஏறியவுடன் ஒரு செஸ்டெர்டியஸ் வெளிவந்தது. யூத வரியின் பெயரால் எழுந்த பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது என்பது அதன் வாசகம். அதன் நடுவே அதே பேரீச்ச மரம். அடியில் யாரும் இல்லை. நிற்பவனும் இல்லை, அமர்ந்தவளும் இல்லை. ரோமரின் நாணயங்களில் இதுபோல் வெட்கம் தெரியும் நாணயம் அரிது. வரியை அவன் நீக்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நீக்கியது அதன் பெயரால் நடந்த கொடுமையை மட்டுமே.

அந்த மரம் யாருடையது? ரோமன் அதனை யூதேயாவின் அடையாளமாகக் கண்டான். அதன் பழத்தை விரும்பியும் உண்டான். ஆனால் யூதர் அதனைத் தம் காசில் முன்பே பொறித்திருந்தனர். கலகத்தின் நான்காம் ஆண்டு வெண்கலக் காசு ஒன்றில், இருபுறமும் பழக்கூடைகளோடு பேரீச்ச மரம் நிற்கிறது. 'சீயோனின் மீட்புக்காக' என்பது அதில் பொறித்த சொல். இரண்டாம் மூன்றாம் ஆண்டுக் காசுகளில் 'சீயோனின் விடுதலை' என்றிருந்தது, முற்றுகை நெருங்கிய நான்காம் ஆண்டில் 'மீட்பு' என மாறியது. விடுதலை தம் கையால் ஆவது, மீட்பு மேலிருந்து வருவது என்று அறிஞர் சிலர் இம்மாற்றத்தை விளக்குவர். இவ்விளக்கத்தை முற்றும் ஏற்கலாமோ என்னவோ. ஒரு சொல் மாறியிருப்பது மட்டும் கண்கூடு. 132 முதல் 135 வரை நிகழ்ந்த பார் கோக்பாவின் எழுச்சியில் மரம் மீண்டும் வருகிறது. ஏழு கிளைகள், இரண்டு குலைகள், அடியில் ஒருவரும் இல்லை. எழுச்சியாளரிடம் புதிய உலோகம் இல்லை. புழக்கத்திலிருந்த காசுகளையே எடுத்து, அவற்றின்மேல் தம் அச்சை வைத்து அடித்தனர். அடி சரியாக விழாத காசுகளில் மரத்தின் ஓரத்திலோ திராட்ச இலையின் நரம்புகளுக்கிடையிலோ பழைய எழுத்துகளும் பேரரசனுடைய முகத்தின் ஒரு பகுதியும் இன்றும் தெரிகின்றன. இவையும் வெற்றி நாணயங்களே என்பதை நாம் மறைக்கவில்லை. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. எருசலேம் ஏலியா கப்பித்தோலினா ஆயிற்று. யூதர் அதனுள் நுழையத் தடை விதிக்கப்பட்டது.

வெஸ்பாசியனின் 71ஆம் ஆண்டு நாணயங்களுள் இன்னொன்றையும் நம் மாணவர் அறிந்திருக்கவேண்டும். அதில் ரோமா என்னும் தெய்வம் ஏழு குன்றுகளின்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள். கையில் வாள், அருகே தீபர் நதியின் தெய்வம், ஓநாயும் இரட்டைக் குழந்தைகளும். ஓர் அரசனின் ஆட்சியில் இரு பெண்கள்: ஒருத்தி குன்றுகளின்மேல், ஒருத்தி மரத்தடியில். வெளிப்படுத்தின விசேஷம் 17ஆம் அதிகாரத்தின் ஏழு மலைகளையும் அவற்றின்மேல் அமர்ந்தவளையும் விளக்கும் அறிஞர் இந்நாணயத்தைச் சுட்டுவது வழக்கம். பத்மு தீவின் யோவான் இக்காசைத் தொட்டிருக்கவேண்டும் என்பதில்லை. இவ்வுருவம் பேரரசின் காற்றிலேயே கலந்திருந்தது. நாம் நோக்கவேண்டியது அவர் செய்த தலைகீழ் மாற்றம். 18ஆம் அதிகாரத்தில் அரசியாய் வீற்றிருப்பவள் தான் விதவை அல்லள் என்றும் துக்கத்தைக் காணப்போவதில்லை என்றும் தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்ளுகிறாள். ரோம நாணயம் யூதேயாவைக் காட்டி ஏளனம் செய்த அந்தத் துக்கத்தையே, ஏளனம் செய்தவளுக்கு அறிவிக்கிறார் யோவான். அவர் நின்று பார்த்த இடம் மரத்தின் வலப்புறம் என்று கூறலாம். நாமோ அவருடைய நூலைக் கையிலேந்தி இடப்புறத்திலிருந்து பிரசங்கிக்கிறோம்.

இடப்புறத்திற்குத் திருச்சபை எப்படி வந்து சேர்ந்தது? யோசேப்பு வழி காட்டினார் எனலாம். ரோமரிடம் சரணடைந்து, அவர்களுடைய குடியுரிமையும் பிலாவியு என்னும் குடும்பப் பெயரும் பெற்ற அவர், முற்றுகையிடப்பட்ட தம் மக்களை நோக்கி நிகழ்த்தியதாக எழுதிய உரையில், கடவுள் இப்பொழுது இத்தாலியாவின் பக்கம் சென்றுவிட்டார் என்ற கருத்தை முன்வைக்கிறார். உயிர் தப்பியவனின் மனச்சுமை அதில் இருக்கிறது. அவரை நாம் எளிதில் பழிக்க விரும்பவில்லை. ஆனால் அவர் நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துத் தம் திருச்சபை வரலாற்றின் மூன்றாம் புத்தகத்தில் சேர்த்த செசரியாவின் யுசேபியு, எருசலேமின் பட்டினியையும் படுகொலையையும் கிறிஸ்துவைப் புறக்கணித்தவர்க்கு வந்த தண்டனை என்று தயங்காமல் எழுதினார். அவர் காலத்தில் அரசன் கிறிஸ்தவனாகிக்கொண்டிருந்தான். கொன்ஸ்தந்தீன் 323-324இல் வெளியிட்ட சிறு வெண்கலக் காசுகளில் 'சர்மாத்தியா தெவிக்டா' என்ற சொற்களும், கைதியைக் காலால் உதைத்துத் தள்ளும் வெற்றித் தெய்வமும் உள்ளன. அவன் மகன் கொன்ஸ்தந்தியு காலத்தில், 348 முதல் வந்த காசுகளின் வரிசை 'நற்காலம் மீண்டது' என்னும் பொருளுடைய வாசகம் தாங்கியது. அதில் ஒருவகையில் பேரரசன் ஏந்திய கொடியில் கிறிஸ்துவின் பெயர்ச்சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்கொடியின் முன் இரண்டு கைதிகள். வெற்றித் தெய்வம் இருந்த இடத்திற்கு நம் ஆண்டவரின் பெயர் வந்துவிட்டது. கைதிகள் அதே இடத்தில் இருக்கின்றனர். இவ்வரிசைக் காசுகள் நமக்குத் தொலைவானவையும் அல்ல. நான்காம் நூற்றாண்டின் ரோமச் சிறுகாசுகள் இலங்கையில் ஏராளமாகவும், கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கணிசமாகவும் கிடைத்துள்ளன. தேய்ந்து மெலிந்த அக்காசுகளில் குதிரையிலிருந்து வீழ்ந்தவனை ஈட்டியால் குத்தும் வீரனின் உருவத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்றும் காணலாம்.

யுசேபியுவின் வாசிப்பு நம் சீர்திருத்தச் சபைகளுக்குள்ளும் வந்தது. திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் பத்தாம் ஞாயிற்றின் சுவிசேஷம் லூக்கா 19ஆம் அதிகாரத்தில் 41ஆம் வசனம் முதலாக வருவது. ஆங்கிலிக்கன் பொதுஜெபப் புத்தகத்திலும் லுத்தரன் மரபிலும் அதுவே. ஜெர்மானிய லுத்தரன் சபைகளில் அன்று எருசலேமின் அழிவை விரிவாகக் கூறும் வரலாற்றை வாசிப்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. லுத்தரின் நண்பர் புகென்ஹாகன் தொகுத்த அவ்வரலாறு ஞானப்பாட்டுப் புத்தகங்களின் பின்னிணைப்பாகவே அச்சிடப்பட்டது. எண்ணிப் பார்க்கவேண்டிய முரண் இது. சுவிசேஷத்தில் ஆண்டவர் நகரத்தைக் கண்டு அழுகிறார்; அதனை வாசித்து முடித்த சபை, அந்நகரம் அடைந்த தண்டனையின் விவரங்களைக் கேட்டுத் தன் நிலையைப்பற்றித் திருப்தி கொள்ளுகிறது. அழுகையை வாசித்தனர்; நாணயத்தைக் கேட்டனர். அந்நாட்டிலே 1933க்குப் பின் நேர்ந்ததற்கு இந்த ஒரு வாசிப்பே காரணம் என்று கூறுவது அறியாமை. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று கூறுவது அதனினும் பெரிய அறியாமை. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவை, யூத வெறுப்பு கடவுளுக்கும் மனிதருக்கும் விரோதமான பாவம் என்று அறிவித்தது.

லூக்கா அச்சம்பவத்தில் வரப்போகும் முற்றுகையை ஆண்டவர் வாயில் வைக்கிறாரே, அது நியாயத்தீர்ப்பு அன்றோ எனக் கேட்கலாம். நியாயத்தீர்ப்பே, அதை நாம் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் அதைக் கூறுகிறவர் கண்ணீரோடு கூறுகிறார், அந்நகரத்தாருள் ஒருவராக, சில நாட்களில் அதே ரோமரின் கையில் சாகப்போகிறவராகக் கூறுகிறார். மேலும் அவர் சுட்டும் காரணம், சமாதானத்திற்கு ஏதுவானவற்றை நகரம் அறியாமற்போனது. வெஸ்பாசியனின் காசோ அதே சமாதானம் என்ற சொல்லை மற்றொரு முகத்தில் தாங்கி வந்தது. இவ்விரண்டையும் ஒரே பிரசங்கத்தில் ஒன்றுக்கொன்று சான்றாக நிறுத்துவதற்கு நமக்கு இடமில்லை.

ஜெர்மனியில் அந்தப் பத்தாம் ஞாயிறு இன்று 'இஸ்ரயேல் ஞாயிறு' என வழங்கப்படுகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த வாசிப்பு அட்டவணை அதற்கு இருவகைப் பாடங்களைத் தருகிறது. ஒன்று எருசலேமின் அழிவை நினைவுகூர்ந்து லூக்கா 19ஐ வைக்கிறது. அதன் நிறம் ஊதா, மனந்திரும்புதலின் நிறம். மற்றொன்று சபைக்கும் இஸ்ரயேலுக்கும் உள்ள உறவை எண்ணி மாற்கு 12:28-34ஐ வைக்கிறது. பிரதான கற்பனையைப்பற்றி வேதபாரகன் ஒருவனும் ஆண்டவரும் ஒத்துப்போகும் பகுதி அது. நம் சபைகளிலும் அந்த ஞாயிறு ஆகஸ்டு மாதத்தை ஒட்டி வரும். அன்று அந்த நாணயத்தின் படத்தைக் காட்ட விரும்பும் ஊழியர், நெர்வாவின் காசையும் பார் கோக்பாவின் காசையும் சேர்த்தே காட்டவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். மூன்றிலும் மரம் ஒன்றே. அடியில் இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்பதைச் சபையாரே பார்த்துச் சொல்லட்டும்.